புதிய ரிவால்வர் இயங்க மறுத்தால்: அறிகுறி வாரியாகச் சோதிக்கும் முறை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கங்களிலிருந்து பழுது பார்க்கக் கொண்டுவரப்படும் ரிவால்வர்களில் பல, வாங்கிச் சில மாதங்களே ஆனவை. அவற்றுள் உதிரிபாகம் மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவை குறைவு. மற்றவற்றில், தொழிற்சாலையில் பூசிய கிரீஸ் உள்ளேயே தங்கியிருக்கும், அல்லது தோட்டா பழையதாக இருக்கும், அல்லது சுடுபவரின் விரல் விசையை முழுவதும் விடாமல் இருக்கும். உரிமம் பெற்ற கடையொன்றின் பழுது மேசையில் அமர்ந்து, வருகிறவர்களிடம் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். அந்தக் கேள்விகளையும், ஒவ்வொன்றின் விடையைப் பொறுத்து அடுத்துச் செய்ய வேண்டியதையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இதில் பேசப்படுவது, நம் நாட்டில் தனியார் உரிமத்தின்பேரில் பரவலாக வாங்கப்படும் .32 காலிபர், ஆறு தோட்டா ரிவால்வர். குழல் முன்பக்கம் மடிந்து திறக்கும் வகையை முதன்மையாக வைத்து எழுதுகிறேன். தோட்டா அறைகள் கொண்ட உருளையான சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும் வகைக்கு எங்கெல்லாம் வேறுபாடு உண்டோ அங்கே சொல்கிறேன்.

சோதனையைத் தொடங்கும் முன்

ரிவால்வரைத் திறந்து ஆறு அறைகளும் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தோட்டாக்களை அதே மேசையில் வைக்காமல் வேறு அறையில் பூட்டிவைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் செய்யும் சோதனைகள் அனைத்தும் காலி ரிவால்வரிலோ, மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவிலோ மட்டுமே நடக்க வேண்டும். பின்கட்டில் ஆளில்லை, தோட்டம் விசாலமானது என்பதற்காக அங்கே உண்மைத் தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது கூடாது. அதற்கு உரிய இடம் ரைபிள் கிளப்பின் சுடுதளம்.

அடுத்து, ஒரு மார்க்கர் பேனாவால் சிலிண்டரின் வெளிப்புறத்தில், அறைகளுக்கு நேராக, 1 முதல் 6 வரை எண் இடுங்கள். சாராயம் தோய்த்த பஞ்சால் அது பிறகு போய்விடும். இந்த எண்களின் உதவியால்தான் பெரும்பாலான பழுதுகளின் மூலத்தைக் கண்டுபிடிக்கிறோம். எந்தப் பழுதானாலும் முதலில் தெரிய வேண்டியது, அது தோட்டாவோடு போகிறதா, குறிப்பிட்ட ஓர் அறையிலேயே நிற்கிறதா, அல்லது எந்த அறையில் எந்தத் தோட்டாவைப் போட்டாலும் வருகிறதா என்பது. தோட்டாவோடு போனால் தோட்டாவை மாற்றினால் போதும். ஓர் அறையில் நின்றால் அந்த அறையின் அழுக்கையோ சிலிண்டரையோ பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் வந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கோ, பிரைமரைக் குத்தும் ஊசியான பின்னோ காரணமாக இருக்கலாம். “சில நேரம் வெடிக்கவில்லை” என்று மட்டும் சொல்லி ரிவால்வரைக் கொடுக்கிறவரைவிட, “மூன்றாம் அறையில் மட்டும், மூன்று சுற்றிலும்” என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறவரின் ரிவால்வர் சீக்கிரம் திரும்பிப் போகும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதற்கும் விற்பதற்கும் மட்டுமல்லாமல், பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. உங்கள் கையில் உள்ளது வைத்திருப்பதற்கான உரிமம். ஆகவே துடைப்பது, எண்ணெய் இடுவது, பார்த்துக் குறித்துக்கொள்வது ஆகியவற்றோடு உங்கள் வேலை முடிந்துவிடுகிறது. அரம் போடுவது, ஸ்பிரிங்கை வளைப்பது, உள்ளுறுப்புகளை மூடியிருக்கும் பக்கத் தகட்டின் திருகைக் கழற்றுவது எல்லாம் கடையின் வேலை. லேத்துப் பட்டறையில் எவ்வளவு கைதேர்ந்தவர் தெரிந்தவராக இருந்தாலும் அவரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் மீதும் வாங்கியவர் மீதும் வழக்கு வரும். வாங்கிய புதிதில் பக்கத் தகட்டைத் திறந்த தடம் தெரிந்தால், உத்தரவாதத்தின்பேரில் எதையும் கேட்க முடியாமலும் போகும்.

அறிகுறி: ஹேமர் விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை

விசையை இழுத்ததும் விழுந்து அடிக்கும் சுத்தியல் பாகமே ஹேமர். அதிகமாக வரும் புகார் இதுதான். வீட்டில் செய்யும் தவறுகளும் இதில்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுடுதளத்தில் இப்படி நேர்ந்தால் குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது 30 விநாடி அசையாமல் நில்லுங்கள். ஒரு நிமிடம் நின்றாலும் நல்லதே. பிரைமர் தீப்பிடித்து மருந்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகி, சற்றுப் பொறுத்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. ரிவால்வரில் இது மற்றத் துப்பாக்கிகளைவிட ஆபத்தானது. பொறுமையில்லாமல் விசையை உடனே மறுபடி இழுத்தால் சிலிண்டர் சுழன்று, தாமதமாக வெடிக்கப்போகிற அந்தத் தோட்டா குழலின் நேரைவிட்டு விலகிவிடும். அந்த நிலையில் அது வெடித்தால் குண்டு போக வழியில்லாமல் ரிவால்வரின் சட்டத்தில் (ஃபிரேமில்) மோதும். காத்திருந்த பின் திறந்து, வெடிக்காத தோட்டாவைத் தனியே எடுத்து, எந்த அறையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொண்டு, அதன் பின்புறத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். இனி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைப் பிரைமரில் விழுந்திருக்கும் பள்ளம் சொல்லிவிடும்.

*பள்ளம் ஆழமாகவும் நடுவிலும் இருந்தால்*

ரிவால்வர் தன் வேலையைச் செய்திருக்கிறது. குறை தோட்டாவில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் தோட்டாவைத் தோல் வாரின் வளையங்களில் செருகி, அப்படியே இரும்புப் பெட்டியில் வைத்துவிடும் வழக்கம் உண்டு. தோல் பதனிடப் பயன்படும் உப்பும் அமிலமும் பித்தளைக் கூட்டில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். பிரைமருக்கும் கூட்டுக்கும் இடையே எண்ணெய் இறங்கியிருந்தாலும் பிரைமர் செத்துவிடும். துடைத்துப் பளபளவென்று வைக்க வேண்டும் என்று தோட்டாவுக்கே எண்ணெய் தடவி வைக்கிறவர்கள் இந்தக் குறையைத் தாங்களே வரவழைத்துக்கொள்கிறார்கள். தோட்டா உலர்ந்தே இருக்க வேண்டும், அது வந்த அட்டைப்பெட்டியிலேயே இருக்க வேண்டும்.

“ஐயா காலத்துத் தோட்டா பெட்டகத்தில் ஒரு டப்பா இருக்கிறது, அதைப் போட்டுச் சுடலாமா” என்று கேட்பவர்களும் உண்டு. சுடக்கூடாது. வெடிப்பதற்கு உறுதியில்லை என்பது ஒரு காரணம். மற்றது, உங்கள் உரிமத்தில் ஏறாத தோட்டாவை நீங்கள் வைத்திருப்பதே தவறு என்பது. உரிமதாரர் காலமான பிறகு அவருடைய ஆயுதத்தையும் தோட்டாவையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும்.

*பள்ளம் ஆழமில்லாமல் லேசாக இருந்தால்*

ஹேமரின் அடி போதவில்லை. செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில், குழலைப் பூட்டும் லாட்ச் முழுவதும் அமர்ந்திருந்ததா? மடிந்து திறக்கும் ரிவால்வரில் லாட்ச் பாதியில் நின்றால் ஹேமர் முழுத் தூரம் விழாது. புதியதில் லாட்ச் இறுக்கமாக இருப்பதால் மூடிவிட்டதாகத் தோன்றும், ஆனால் மூடியிருக்காது. கட்டைவிரலால் லாட்சை முன்னால் தள்ளிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது, தொழிற்சாலைக் கிரீஸ். துருப்பிடிக்காமல் கிடங்கில் இருப்பதற்காகத் தடிமனாகப் பூசப்படும் அது, பின் வந்து அடிக்கும் துளையிலும் ஹேமரின் இரு பக்கங்களிலும் தங்கிவிடும். வாங்கியவுடன் வெளிப்புறத்தை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே அப்படியே விட்டிருப்பார்கள். பக்கத் தகட்டைத் திறக்காமலேயே, மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சையும் பழைய பல்துலக்கியையும் கொண்டு ஹேமர் ஏறி இறங்கும் பள்ளத்தையும் பின் துளையையும் துடையுங்கள். உலர்ந்த துணியால் மண்ணெண்ணெய் முழுவதையும் எடுத்துவிட்டு, தையல் இயந்திர எண்ணெயை ஒரு துளி மட்டும் இடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் புட்டிக்குள்ளேயே உறைந்து நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஹேமரின் இடுக்கிலும் அது அதையேதான் செய்யும். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

மூன்றாவது, கைப்பிடி. அழகுக்காக மரத்திலோ கொம்பிலோ செய்த பிடியை மாற்றிப் போட்டிருந்தால், அதன் உள்விளிம்பு ஹேமரிலோ பிரதான ஸ்பிரிங்கிலோ உரசலாம். பழைய பிடியைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

நான்காவது, தோட்டாவின் வகை. .32 ரிவால்வருக்கு உரியது எஸ் அண்ட் டபிள்யூ லாங் எனப்படும் விளிம்புள்ள தோட்டா. .32 பிஸ்டலுக்கு உரிய 7.65 மில்லிமீட்டர் தோட்டாவும் இந்த அறைக்குள் நுழையும். ஆனால் அதன் விளிம்பு சிறியது. ரிவால்வரின் அறையில் அது ஒழுங்காக அமராது, பின்னின் அடியும் ஒரே சீராக விழாது. இரண்டையும் “முப்பத்திரண்டு” என்றே சொல்லி வாங்குவதால் இந்தக் குழப்பம் வருகிறது. பெட்டியின் மீதுள்ள அச்சைப் படித்து வாங்குங்கள். நுழைந்துவிட்டது என்பதால் அது பொருந்திவிட்டது என்று ஆகாது.

இவை நான்கும் சரியாக இருந்தும் பள்ளம் லேசாகவே விழுந்தால் ஒரு சோதனை மீதம் இருக்கிறது. சுடுதளத்தில், ஒரே பெட்டித் தோட்டாக்களை, ஹேமரைக் கையால் இழுத்து நிறுத்தி ஒரு சுற்றும், விசையை மட்டும் முழுவதும் இழுத்து ஒரு சுற்றும் சுட்டுப் பாருங்கள். விசையை மட்டும் இழுக்கும்போது ஹேமர் சற்றுக் குறைந்த தூரமே பின்னால் போய் விழுவதால், அதன் அடி கொஞ்சம் மெல்லியதாகவே இருக்கும். கையால் இழுத்துச் சுடும்போது எல்லாம் வெடித்து, விசையால் சுடும்போது மட்டும் தவறினால், ஸ்பிரிங் வலுக் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே ஏதோ உரசுகிறது. இரண்டு முறையிலும் தவறினால் பின் தேய்ந்தோ முறிந்தோ இருக்கலாம், அல்லது சிலிண்டர் முன்னும் பின்னும் அதிகமாக ஆடலாம். இங்கிருந்து கடைக்காரரிடம் போக வேண்டியதுதான்.

*இரண்டாம் அடியில் வெடித்தால்*

வெடிக்காத தோட்டா, காத்திருந்து மறுபடி அடித்ததும் வெடிக்கிறதென்றால், பிரைமர் தன் குழியில் முழுவதும் இறங்காமல் மேலெழுந்து இருந்திருக்கும். முதல் அடி அதை உள்ளே தள்ளுவதில் செலவாகிவிட்டது. அதே பெட்டியின் மற்றத் தோட்டாக்களின் பின்புறத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். பிரைமர் கூட்டின் மட்டத்திலோ ஒரு மயிரிழை கீழேயோ இருக்க வேண்டும். மேலெழுந்து நகத்தில் தட்டுபவற்றை ஒதுக்கிக் கடையில் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் அழுத்தி உள்ளே தள்ள முயலாதீர்கள்.

*பள்ளம் ஓரத்தில் விழுந்தால்*

அறை குழலுக்கு நேராக வந்து நிற்கவில்லை என்று பொருள். மேலும் சுடாமல், சிலிண்டர் பூட்டாத அறிகுறியைப் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

*பள்ளமே இல்லாவிட்டால்*

லாட்சையும் பின் துளையையும் மட்டும் பார்த்துவிட்டு நேரே கடைக்குக் கொண்டுபோங்கள். முறிந்த பின்னை வீட்டிலிருந்து சரிசெய்ய வழியில்லை.

அறிகுறி: சத்தம் குறைவாக வந்தது, கையில் உதைப்பு இல்லை

நிறுத்துங்கள். அடுத்த தோட்டாவைச் சுடாதீர்கள்.

பிரைமரின் வலுவில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலின் நடுவில் சிக்கியிருக்கக்கூடும். அடுத்த குண்டு அதன்மேல் மோதினால் குழல் வீங்கும், சில நேரம் பிளக்கும். முன்பு சொன்னபடி காத்திருந்து, திறந்து, எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால் குழல் காலி. ஆனாலும் அந்தப் பெட்டித் தோட்டாவை இனிப் பயன்படுத்த வேண்டாம். வெளிச்சம் தெரியாவிட்டால் குண்டு உள்ளே நிற்கிறது. கம்பியை விட்டு அடித்து வெளியே எடுத்துவிடலாம் என்று தோன்றும். இரும்புக் கம்பி குழலின் உள்வரிகளைச் சிதைத்துவிடும், குண்டோ இன்னும் இறுகும். அப்படியே கடைக்கு எடுத்துச் சென்றால், குழலின் அளவுக்கேற்ற பித்தளைக் கோலால் சிறிது நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அறிகுறி: சிலிண்டர் சுழலவில்லை, அல்லது விசை திடீரென்று கடினமாகிறது

இங்கே முதல் கேள்வி, காலியாக இருக்கும்போதும் இறுகுகிறதா, தோட்டா போட்டால் மட்டும் இறுகுகிறதா என்பது.

*தோட்டா போட்டால் மட்டும் இறுகினால்*

மேலெழுந்த பிரைமர் பின் சுவரில் உரசும். தோட்டாவின் விளிம்புக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் இருந்து, அதை முழுவதும் அமரவிடாமலும் செய்யலாம். இரண்டையும் நகத்தால் தடவியே கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு வகை, முதல் சில குண்டுகள் சரியாகப் போய், பிறகு இறுகுவது. அப்போது மிச்சமுள்ள தோட்டாக்களை முன்பக்கத்திலிருந்து பாருங்கள். உதைப்பின் அதிர்வில் கூட்டின் பிடியிலிருந்து குண்டு முன்னால் நழுவி, அதன் மூக்கு சிலிண்டரின் முகத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு சட்டத்தில் தட்டியிருக்கும். எடை குறைந்த ரிவால்வர்களில் உதைப்பு அதிகம் என்பதால் இது நேர வாய்ப்பும் அதிகம். தீர்வு தோட்டாவை மாற்றுவதே. இறுகிய நிலையில் விசையைப் பலங்கொண்டு இழுப்பதும் சிலிண்டரைக் கையால் முறுக்குவதும் கூடாது, உள்ளே இருப்பது உயிருள்ள தோட்டா. குழலை இலக்கின் பக்கம் வைத்தபடியே மெதுவாகத் திறக்கப் பாருங்கள். திறக்காவிட்டால் சுடுதளப் பொறுப்பாளரை அழையுங்கள்.

*காலியாக இருந்தும் இறுகினால்*

சுட்ட கூடுகளை வெளியேற்றும் எக்ஸ்ட்ராக்டரை வெளியே தள்ளி, அதன் நட்சத்திரத் தகட்டின் அடியில் பாருங்கள். நாலைந்து மருந்துத் துகள்கள் அங்கே சிக்கினாலே, தகடு முழுவதும் அமராமல் சிலிண்டரை இறுக்கிவிடும். இந்த இடத்தை வீட்டில் யாரும் துடைப்பதேயில்லை. உலர்ந்த பல்துலக்கியால், குழலைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு துடைத்தால் தூசு அறைக்குள் விழும். அதனால் குழலை மேல்நோக்கி வைத்து, துகள் வெளியே உதிரும்படி துடையுங்கள். தகட்டுக்கு அடியில் எண்ணெய் இடாதீர்கள், அது அடுத்த துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர்ச் செம்மண் தூசு, எண்ணெய் இருக்கும் இடத்தைத் தேடிப்போய் ஒட்டுவது.

சிலிண்டர் பக்கவாட்டில் வெளிவரும் வகையாக இருந்தால், எக்ஸ்ட்ராக்டர் கோலின் முனையைப் பாருங்கள். அதன் திருகு தளர்ந்து கோல் நீண்டுவிட்டால் சிலிண்டர் திறப்பதே கடினமாகும்.

துடைத்த பிறகும் இறுகினால், சிலிண்டரின் முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இரு சக்கர வாகன மெக்கானிக்குகள் இடைவெளி அளக்க வைத்திருக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜே போதும். பொதுவாக 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதைவிடக் குறைந்தால், சில சுற்றுகளில் படியும் ஈயமே சிலிண்டரைப் பிடித்துவிடும். ஆறு அறைகளிலும் தனித்தனியே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அறையில் மட்டும் குறைந்தால் சிலிண்டரின் முகமோ அச்சோ நேராக இல்லை. இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ வீட்டில் எதுவும் செய்ய முடியாது. அந்தச் சீட்டோடு கடைக்குப் போங்கள்.

அறிகுறி: சிலிண்டர் இடத்தில் பூட்டவில்லை, பக்கவாட்டில் ஈயம் தெறிக்கிறது

இதில் வீட்டில் செய்ய வேண்டியது ஒரே ஒரு சோதனை. காலி ரிவால்வரில், இடக்கை விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்துக்கொண்டே, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். ஹேமர் கடைசி நிலையில் நிற்பதற்கு முன்போ, நிற்கும் அதே நொடியிலோ, சிலிண்டர் ‘க்ளிக்’ என்று பூட்டிவிட வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரை விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறதென்றால், சுழற்றும் கொக்கியோ நிறுத்தும் பல்லோ அளவில் குறைந்திருக்கிறது. ஆறு அறைகளிலும் செய்து, தவறும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறை தவறினாலும் சுடுவதை நிறுத்திவிட வேண்டும். குழலின் நேருக்கு வராத அறையிலிருந்து புறப்படும் குண்டு, குழலின் விளிம்பில் சீவப்பட்டு, ஈயத் துணுக்காகப் பக்கத்தில் நிற்பவர் மீது தெறிக்கும். சுடுதளத்தில் உங்கள் வலப்பக்கத்திலோ இடப்பக்கத்திலோ நின்றவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். புதிய ரிவால்வரில் இந்தக் குறை இருந்தால் அது உற்பத்தியில் வந்தது. சுட்டுச் சுட்டுப் பழகினால் சரியாகிவிடும் என்று விற்பவரே சொன்னாலும் கேட்க வேண்டாம். புதிதில் இறுக்கமாக இருக்கும் விசை பழகப் பழக இளகும். பூட்டாத சிலிண்டரோ தேயத் தேய மோசமாகத்தான் ஆகும்.

அறிகுறி: விசை திரும்பி முன்னால் வரவில்லை, அல்லது ஓர் அறையைத் தாண்டிப் போகிறது

பெரும்பாலும் விரலின் குறை. அவசரத்தில் விசையைப் பாதி தூரம் விட்டு மறுபடி இழுத்தால், சிலிண்டர் சுழலும், ஆனால் ஹேமர் விழாது. அப்போது சுடாத தோட்டா ஒன்று இடையில் நின்றுபோகும். டம்மி தோட்டாக்களைப் போட்டு, விசையை ஒவ்வொரு முறையும் முழுவதும் முன்னால் விட்டு, நிதானமாகப் பத்திருபது முறை இழுத்துப் பாருங்கள். தவறு வரவில்லையென்றால் ரிவால்வரில் குறையில்லை. முழுவதும் விட்டும் விசை தயங்கித் தயங்கி வந்தால், பழைய எண்ணெய் இறுகியிருக்கும், மேலே சொன்னபடி மண்ணெண்ணெயில் துடையுங்கள். துடைத்தும் தயங்கினால் திருப்பு ஸ்பிரிங்கைக் கடையில்தான் மாற்ற வேண்டும்.

இந்தச் சோதனையை டம்மி இல்லாமல் வெறுமனே செய்யாதீர்கள். ஹேமரிலேயே பின் பொருத்தப்பட்ட ரிவால்வர்களில், வெற்றறை மீது ஓயாமல் அடித்தால் பின்னின் முனை நாளடைவில் விரிசல் விடும்.

அறிகுறி: சுட்ட கூடு வெளியே வரவில்லை

மடிந்து திறக்கும் ரிவால்வரைத் தயங்கித் தயங்கித் திறந்தால், கூடு பாதி வெளியே வந்து, நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் சரிந்து சிக்கிக்கொள்ளும். ரிவால்வரைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரே வீச்சில் கடைசி வரை திறந்தால் கூடுகள் தாமாக வெளியே விழுந்துவிடும். ஏற்கெனவே சிக்கியிருந்தால் எக்ஸ்ட்ராக்டரை முழுவதும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டை மட்டும் மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். கத்தியோ திருப்புளியோ வேண்டாம்.

ஆறு கூடுகளும் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அறைகளைத் துடையுங்கள். நீளம் குறைந்த தோட்டாவை முன்பு சுட்டிருந்தால், அதன் வாய் முடிந்த இடத்தில் கரி வளையமாகப் படிந்து, பிறகு போடும் நீளத் தோட்டாவைப் பிடித்துக்கொள்ளும். பித்தளைப் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் அதை எடுத்துவிடும். ஒரே அறையில் மட்டும் எப்போதும் ஒட்டினால், அந்த அறையின் உட்புறத்தில் கடைசல் தடம் தங்கியிருக்கிறது. அதை மெருகேற்றுவது கடையின் வேலை. உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்தவர்களின் சிலிண்டரைப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பின் அதை மாற்றுவதைத் தவிர வழியில்லாமல் போயிற்று. கூடு ஒட்டுவதோடு பிரைமர் தட்டையாகிப் பரவியும் இருந்தால் அந்தத் தோட்டாவின் அழுத்தம் அதிகம். சுடுவதை நிறுத்திப் பெட்டியோடு கடைக்குக் கொண்டுவாருங்கள்.

அறிகுறி: சில வாரங்களிலேயே துருப்புள்ளிகள்

தோல் உறையிலேயே வைத்துப் பூட்டியிருப்பீர்கள். உறை வெளியே எடுத்துச் செல்வதற்கு மட்டும்தான். உள்ளே வைக்கும்போது எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். வீடு ஆண்டில் பாதி நாள் பூட்டியே கிடக்கிறது, முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வருகிறோம் என்பவர்கள், ரிவால்வரை இரும்புப் பெட்டியில் விட்டுவிட்டுப் போவதைவிட, உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வதே நல்லது. துருவுக்கும் நல்லது, திருட்டுக்கும் நல்லது.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் இதே கவனம் வேண்டும். ஒப்படைக்கும் முன்னால், குழலுக்குள்ளும் ஆறு அறைகளிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டு, ரசீதில் தொடர் எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். திரும்பப் பெற்றதும் அந்த எண்ணெயை உலரத் துடைக்காமல் தோட்டா போடக்கூடாது. தேர்தல் முடிந்த அடுத்த மாதங்களில் வரும் “வெடிக்கவில்லை” புகார்கள் பல, அறையில் விட்ட எண்ணெய் பிரைமருக்குள் இறங்கியதால் வருபவை.

மேலே தெரியும் செம்புள்ளியை எண்ணெயில் நனைத்த மெல்லிய துணியால் பொறுமையாகத் தேய்த்தே எடுத்துவிடலாம். அறைக்குள்ளோ குழலுக்குள்ளோ குழி விழுந்திருந்தால் கடையில் காட்டுங்கள்.

அறிகுறி: குறி தப்புகிறது

குழல் குட்டையான ரிவால்வரில் இது பெரும்பாலும் கைப்பழக்கமே. முன்குறி ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடாவிட்டால், நன்றாகச் சுடுகிற வேறொருவரிடம் சுடுதளத்தில் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். உரிமதாரராகிய நீங்கள் அருகில் இருக்க வேண்டும், சுடுதள விதியும் அதற்கு இடம்தர வேண்டும். அவருக்கும் ஒரே பக்கம் தப்பினால் கடைக்குக் கொண்டுவாருங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

அசல் உரிமம், வாங்கிய ரசீது, அறை எண்களோடு எழுதிய சீட்டு, பழுது நேர்ந்த தோட்டாக்களின் காலிக்கூடுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெடிக்காத தோட்டா இருந்தால் அதைத் தனி உறையில் வையுங்கள். ரிவால்வர் காலியாக, பூட்டிய பெட்டியில் இருக்கட்டும். பயணத்துக்கு முன் உரிமத்தின் எல்லை எதுவரை என்று பாருங்கள். உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் என்றிருந்தால், சிவகங்கையைத் தாண்டி மதுரைக்குக் கொண்டுபோகவே முன்கூட்டி அனுமதி தேவைப்படும். உரிமம் காலாவதியாகும் தேதியையும் அப்போதே பாருங்கள். பழுதுக்குக் கொடுத்த இடைவெளியில் உரிமம் முடிந்துபோய், புதுப்பிக்கும்வரை ரிவால்வரைத் திரும்பப் பெற முடியாமல் அலைகிறவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமத்தின் காலம் 5 ஆண்டு. தேதியை மறந்துவிட அது போதுமான நீளம்தான்.

கடையில் கொடுக்கும்போது தொடர் எண்ணும், கொடுத்த தேதியும், சொன்ன குறையும் எழுதிய ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். திரும்ப வாங்கும்போது, மாற்றிய பழைய உதிரிபாகத்தைக் காட்டச் சொல்லுங்கள். கடையிலேயே டம்மி தோட்டாக்களைப் போட்டு, ஆறு அறைகளிலும் பூட்டும் சோதனையை மெதுவாக ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.